மார்லிஸ் குறித்துக் கொடுத்த சனிக்கிழமை

மார்லிஸ் டுவொராச்செக்குக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும்; மூக்கும் கொஞ்சம் நீளம். முப்பத்தொரு வருடம் சீஸ் ஆலையின் சோதனை அறையில் நின்றவள். கட்டியில் துளை போட்டு எடுத்து, முகர்ந்து, விரலால் நசுக்கிப் பார்த்து, இது தேறும், இது பன்றிக்கு என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். பால் கொடுத்தவன் சொந்த மைத்துனனாகவே இருந்தாலும் ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டதில்லை. மைத்துனன் பேச்சை நிறுத்திப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை.

அதே கண்ணோடுதான் எங்கள் ஃபுட்பால் டீமையும் பார்த்தாள்; காலால் உதைப்பதல்ல, பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் முட்டித் தள்ளும் அமெரிக்க ஆட்டம். கோடையில் பயிற்சி முகாமின் வேலி ஓரமாக மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஐம்பத்து மூன்று ஆட்டக்காரர்களுக்கும் ஆளுக்கொரு வரி எழுதுவாள். வயது என்ன, எந்த முழங்காலில் கத்தி பட்டது, தோற்கும்போது தலை தொங்குகிறதா, பத்துக்கு எத்தனை. ஆகஸ்ட் கடைசியில் அந்தத் தாள்கள் அவள் தம்பி டெல்மரின் பார் சுவரில் ஏறும். குடிக்க வருகிறவர்கள் கோட்டைக் கழற்றுவதற்கு முன் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். ஜனவரியில் நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்கு டீம் போகுமா, போகாதா? பதினெட்டு வருடத்தில் அந்த வரி இரண்டே தடவைதான் பொய்த்திருந்தது.

எங்கள் ஊரில் அந்த வரிக்கு வேறு உபயோகமும் உண்டு. செப்டம்பர் பிறந்துவிட்டால் ஆட்ட நேரம் பார்க்காமல் யாரும் ஞானஸ்நானம்கூட வைப்பதில்லை. பாதிரியாரே பூசையை முன்னே பின்னே நகர்த்திக்கொள்வார். ஜனவரியில் கல்யாணம் வைக்க வேண்டுமென்றால், அது டீம் பிளே-ஆஃபுக்குப் போகாத வருடமாக இருக்க வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மார்லிஸின் சமையலறைக்குத்தான் வருவார்கள்.

அந்த வருடம் அவள் மகளே வந்தாள். கொரின் பள்ளியில் இசை சொல்லிக்கொடுப்பவள். முப்பத்து நான்கு வயது. அவள் கட்டிக்கொள்ளப் போகும் ஆண்டர்ஸ் லோக்கன், ஏரிகளில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பலில் என்ஜின் வேலை பார்ப்பவன். வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில். ஏரி உறைந்து கப்பலைக் கட்டுவதற்கும், பழுதுபார்ப்பு வேலை தொடங்குவதற்கும் இடையில் அவனுக்குக் கிடைப்பது இரண்டு வாரம். ஜனவரியின் இரண்டாவது சனிக்கிழமை, இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று வருடம் காத்தாயிற்று.

"தாராளமா வை. இவனுங்க தலைகீழா நின்னாலும் ஜனவரியப் பாக்க மாட்டானுங்க" என்றாள் மார்லிஸ்.

அவள் அதைச் சொன்ன வாரத்தில்தான் ட்ரெஸ்லர் என்ற ஆட்டக்காரனை டீமின் மேலாளர் வெளியே அனுப்பியிருந்தான். ட்ரெஸ்லர் பதினொரு வருடம் பந்து எறிபவனின் இடப்பக்கத்தில் நின்று, பாய்ந்து வருகிறவர்களைத் தடுத்தவன். மார்லிஸ் தன் வாழ்நாளில் பத்துக்குப் பத்து போட்ட ஒரே ஆள். அவனை இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சில் கழற்றிவிட்டு, பிரானக் என்ற இருபத்திரண்டு வயதுப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தினான் அந்த மேலாளர். மார்லிஸுக்கு வயிறு எரிந்தது. பிரானக்குக்கு மூன்று போட்டாள். அன்று இரவே மற்றவர்களின் வரிகளையும் எடுத்துத் திருத்தினாள்.

முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. மார்லிஸ் கடைத்தெருவில் ராணி மாதிரி நடந்தாள். கொரின் மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, நூற்றறுபது பேருக்கு அழைப்பு அனுப்பினாள். அதற்கப்புறம்தான் அந்தப் பாவிகள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். அக்டோபரில் மூன்று, நவம்பரில் நான்கு. ஊர் கூத்தாடியது. டீம் ஜெயித்ததற்காகத் தொலைக்காட்சியைத் திட்டிய ஒரே ஜீவன் இந்த மாநிலத்திலேயே அவளாகத்தான் இருக்கும். காற்று சாதகம், எதிராளி நொண்டி, நடுவர் குருடன் என்று வாரம் ஒரு காரணம் சொன்னாள். பிரானக்கைத் தாண்டி ஒருத்தனும் உள்ளே வர முடியவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொரின் பாரிலிருந்து தாள்களைக் கழற்றிக்கொண்டு வந்து, போன வருடத்துத் தாள்களோடு சேர்த்துச் சமையலறை மேசையில் பரப்பினாள். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் காட்டினாள். போன வருடம் ஏழு வாங்கியவனுக்கு இப்போது நான்கு. எட்டு வாங்கியவனுக்கு ஐந்து. ஒரு வயது கூடினதற்கு மூன்று மதிப்பெண்ணா என்று கேட்டாள். மார்லிஸ் சூப் கிண்டிக்கொண்டே, முழங்கால், முதுகு என்று ஏதோ முணுமுணுத்தாள்.

"நீ கணக்கு போடலம்மா. அந்த மேனேஜர் நாசமாப் போகணும்னு வேண்டிக்கிட்ட. அதுக்கு என் கல்யாணத்தப் பணயம் வெச்ச."

"முப்பத்தொரு வருஷம் தரம் பாத்தவ நான். எனக்கே நீ பாடம் எடுக்கிறியா?"

கரண்டி சுவரில் போய் விழுந்தது. கொரின் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மார்லிஸ் அந்தத் தாள்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் கோபம் இன்னும் ஏறியது.

கடைசி வார ஆட்டத்தில் டீம் பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. மறுநாள் அட்டவணை வந்தது. சனிக்கிழமை, மாலை மூன்றரை மணி. கல்யாண விருந்து மூன்று மணிக்கு.

உறவுக்காரர்கள் தேன் ஒழுகப் பேசினார்கள். கோயிலுக்குக் கண்டிப்பாக வருகிறோம் என்றார்கள். மண்டபத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. விருந்தில் போல்கா நடனத்துக்கு வாசிக்க ஒப்புக்கொண்டவனுக்குச் சரியாக அந்தச் சனிக்கிழமை காய்ச்சல் வரப்போவது மூன்று நாள் முன்னாலேயே தெரிந்துவிட்டது. மார்லிஸ் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தாள். டெல்மர் மட்டும் பாரைப் பூட்டிவிடுவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

பூசைக்கு இடம் கொள்ளாத கூட்டம். பாதிரியாரும் பிரசங்கத்தை ஆறு நிமிடத்தில் முடித்தார். மண்டபத்தில் நூற்றறுபது தட்டு வைத்திருந்தார்கள். வந்து உட்கார்ந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். பாதிப்பேர் ஆண்டர்ஸின் கப்பல்காரர்கள், அவர்கள் டீம் எப்போதோ மூட்டை கட்டியிருந்தது. வறுத்த கோழி தட்டுத் தட்டாக ஆறியது. கொரின் சிரித்த முகத்தோடு காலி மேசைகளுக்கு நடுவே நடந்து, கசங்காத விரிப்புகளை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்க்க மார்லிஸால் முடியவில்லை. ஆறரை மணி அடிக்கையில் கோட்டுகூடப் போடாமல், சாட்டின் உடுப்போடு பனியில் இறங்கித் தெருவைக் கடந்தாள்.

டெல்மரின் பாரில் அத்தனை விளக்கும் எரிந்தது. அத்தனை பேரும் கோயிலுக்குப் போட்ட உடையிலேயே, தொலைக்காட்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா, பெரியம்மா, போல்கா வாசிக்கிறவன். மார்லிஸ் கதவிலேயே நின்று கத்தினாள். சோறு ஆறுது, பிள்ளை தனியா நிக்குது, நீங்கெல்லாம் மனுஷங்களா என்று கேட்டாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. டெல்மர்தான் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, தேதி குறிச்சது நாங்க இல்லையே."

மார்லிஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், தொலைக்காட்சிக்குக் கீழே ஒயரைப் பிடித்தாள். பிடுங்குவதற்காக நிமிர்ந்தபோது திரை கண்ணில் பட்டது. ஆட்டத்தில் மூன்று நிமிடம் மீதி. இரண்டு புள்ளி பின்னால். கடைசி வாய்ப்பு, நான்கு கெஜம் போயாக வேண்டும்; இல்லாவிட்டால் பந்து எதிராளி கைக்குப் போய்விடும். பிரானக்கின் எதிரே நின்றவன் அவனைவிட ஒரு சாண் உயரம்.

பையனின் கால் வைப்பைப் பார்த்தாள். அகலமாக, தாழ்வாக, எடை முழுக்க உள்ளங்காலில். மூன்றா போட்டேன் இவனுக்கு என்று அவள் மனம் அவளையே கேட்டது. ஒன்பது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது போடலாம்.

"இடுப்ப எறக்குடா" என்றாள் வாய்விட்டு.

அவன் இறக்கினான். எதிராளி மோதி நின்றான். பந்து பறந்தது, ஏழு கெஜம். பார் அதிர்ந்தது. ஒயர் அவள் கையிலேயே இருந்தது. அடுத்ததையும் பார்த்தாள், அதற்கடுத்ததையும் பார்த்தாள். யாரோ ஒரு முக்காலியைத் தள்ளிப் போட்டார்கள், உட்கார்ந்தாள். கைகள் தாமாகவே எதிராளியை நெட்டித் தள்ளின. எத்தனை நேரம் ஆயிற்று என்று பிற்பாடு யார் கேட்டும் அவளால் சொல்ல முடிந்ததில்லை.

பின்வரிசையிலிருந்து சத்தம் அடங்கிக்கொண்டே வந்து அவளிடம் சேர்ந்தது. எரிச்சலோடு திரும்பினாள். வாசலில் கொரின் நின்றாள். வெள்ளை உடுப்பின் மேல் ஆண்டர்ஸின் கப்பல் கோட்டு, தலையில் பனி. முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் மார்லிஸுக்கு அதோடு சண்டை போடத் தெரிந்திருக்கும்.

"கேக் வெட்டியாச்சும்மா. டான்ஸும் முடிஞ்சுது. நீ முழுசாப் பாத்துட்டே வா."

குளிர் உள்ளே வருகிறதென்று, கதவை அவளே சாத்திவிட்டுப் போனாள்.