டைம்கீப்பர் வீட்டு டிவி

வேடியப்பனும் மகள் மதிவதனியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ரிமோட்டுக்குக் கறுப்பு டேப் ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கேபிள் செட்டாப் பாக்ஸின் ரிமோட்டில் நாற்பத்து மூன்று பொத்தான்கள் இருந்தன. ஐந்து போதும் என்று முடிவாயிற்று. போடவும் அணைக்கவும் ஒன்று, சானல் மாற்ற இரண்டு, சத்தத்துக்கு இரண்டு. மற்றதையெல்லாம் மூட வேண்டும். அவர் ரிமோட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஒயருக்குச் சுற்றும் டேப்பை அவள் கத்தரித்துக் கத்தரித்து ஒட்டினாள்.

"மெனு?"

"மூடு."

"நம்பருங்க?"

"உங்கம்மா இன்னா, நம்பர் போட்டா பாக்கப் போறா? மூடு."

"நியூசுக்கு நீங்க நம்பர்தானப்பா அழுத்துவீங்க?"

"நான் ஒண்ணொண்ணா தள்ளிக்கினு போறேன். இது எனக்கில்ல. நான் இல்லாதப்ப அவ டிவி போட்டுக்கணும். அது ஒண்ணுதான் வேணும்."

சமையலறையிலிருந்து கன்னியம்மாளின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் அதுக்கு இன்னா மாவுக்கட்டு கட்டிக்கினு கீறீங்க?"

"மகாராணிக்குத்தான். இனிமே யாரு தயவும் வேணாம்."

"எனக்கு வேணாம் சாமி. என் கையி பட்டா கெட்டுப்பூடும்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அவள் எதையோ அழுத்த, திரை நீலமாகி நின்றுவிட்டது. பெங்களூரிலிருந்து மதிவதனி வரும்வரை நான்கு நாள் அப்படியே கிடந்தது. வந்தவள் ஒரே பொத்தானை அழுத்திச் சரிசெய்தாள். அது கன்னியம்மாளுக்கு இன்னும் அவமானமாகிப்போனது. அதிலிருந்து அவள் ரிமோட்டைத் தொடுவதில்லை. சாயங்காலம் வேடியப்பன் கலெக்டர் ஆபீஸ் பக்கம் டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை, முட்டி வலிக்குக் காலை நீட்டிக்கொண்டு, அணைந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

மதிவதனி நெட்வொர்க் பொறியாளர். பெற்றோருக்கு எளிதான டிவி என்றால் அவளுக்கு முதலில் தோன்றியது வேறு. ஐப்பசியில் வந்து கேபிளை எடுத்துவிட்டு வைஃபை போட்டாள். புது டிவி, சின்ன ரிமோட், பெட்டியும் இல்லை, தொங்கும் ஒயரும் இல்லை. எல்லாச் சானலும் இணையத்தில் வந்துவிடும்.

மூன்றாம் நாளே அப்பாவிடமிருந்து போன் வந்தது. "ஏம்மா, இந்த டிவி லேட்டா ஓடுது."

"டிவி எப்படிப்பா லேட்டா ஓடும்?"

"ஏழு மணி செய்தி ஏழு மணிக்கு வரலியே. என் வாட்ச்சு சரியாத்தான் கீது."

அவர் சொன்னது உண்மை. இணையத்தில் வரும் படம் துண்டு துண்டாய் வந்து சேர்ந்து, முப்பது நாற்பது விநாடி பிந்தித்தான் திரைக்கு வரும். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று மதிவதனி நினைத்தாள்.

கவனிக்கிற ஆள் அவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் மானாவாரி வேர்க்கடலைக் குடும்பத்தில் பிறந்தவர். பதினோரு வருடம் கண்டக்டர், பத்தொன்பது வருடம் பேருந்து நிலையத்தில் வண்டிகளை நேரத்துக்கு விசில் ஊதி அனுப்பும் டைம்கீப்பர். செங்கம் வண்டி எப்போது என்று கேட்டவர்களிடம் 'வரும்' என்று அவர் சொன்னதே இல்லை, நிமிடக் கணக்கைத்தான் சொல்வார். ஒருமுறை கன்னியம்மாளின் அண்ணன், கல்யாணச் சீர் மூட்டையோடு ஓடி வந்தும் ஒரு நிமிடம் பிந்திவிட்டார். வேடியப்பன் வண்டியை அனுப்பிவிட்டிருந்தார். "மச்சான்னு விசில லேட்டா ஊத முடியுமா?" என்று வேடியப்பன் கேட்டதற்கு, கன்னியம்மாள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் அவர் தீபம் பார்த்ததில்லை. கார்த்திகை தீபத்தன்று ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையத்தில், தகரக் கொட்டகைக்குள் இருப்பார். ஊர் எழுப்பும் ஓசையிலிருந்துதான் மலையில் ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வார். ஓய்வு பெற்ற பிறகு பார்க்க ஆரம்பித்தார், டிவியில். மாடி ஏறினால் மலையே தெரியும். கன்னியம்மாளால் ஏற முடியாது, அவளை விட்டு அவர் ஏறவில்லை. அவள் வாசலில் அகல்களை வரிசையாக வைத்து, தீப்பெட்டியோடு காத்திருப்பாள். கூடத்திலிருந்து அவர் "இப்ப" என்பார். அவள் ஏற்றுவாள். ஐந்து வருடமாக இதுதான் அவர்கள் தீபம்.

இந்த வருடம் தெருவே 'அரோகரா' என்று எழுந்தது. வெடிச் சத்தம் கேட்டது. கூடத்தில் டிவியில் இன்னும் மலை இருட்டாகவே இருந்தது. கன்னியம்மாள் குச்சியைக் கிழித்துவிட்டு அவர் வார்த்தைக்காக நின்றாள். அவர் தன் கண்ணால் பார்க்காமல் சொல்லவில்லை. குச்சி அவள் விரலைச் சுட்டது.

"நாப்பது செகண்டுதான்பா" என்றாள் மதிவதனி, போனில்.

"நாப்பது செகண்டுல செங்கம் வண்டி ஸ்டாண்டைத் தாண்டிடும். ஊரே பாத்துட்டப்புறம் எனக்கெதுக்கு லைவ்வு?"

அவள் தோற்றுப்போனாள். கேபிள்காரர் ஜானி பாஷா வந்து இணைப்பை மறுபடி கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிறு வந்தவள், செட்டாப் பாக்ஸைப் போட்டால் டிவியும் தானாக விழித்துக்கொள்ளும்படி அமைத்தாள். டிவியின் ரிமோட்டை பீரோவுக்குள் வைத்தாள். பிறகுதான் அந்த டேப் வேலை. "ஒரு தடவ அமுக்கிப் பாரும்மா" என்று சொன்னதற்குக் கன்னியம்மாள், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள்.

பதின்மூன்று நாள் கழித்து, மார்கழிச் சனிக்கிழமை காலையில், பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த வேடியப்பன் எழுந்திருக்கவில்லை. அறுபத்து நான்கு வயது.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போனார்கள். மதிவதனி பெங்களூர் திரும்ப இரண்டு நாள் இருந்தது. அதற்குள் அம்மா ஒருமுறையாவது தானே டிவியைப் போட வேண்டும். அதைப் பார்க்காமல் அவளால் கிளம்ப முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிமோட்டை அம்மாவின் கையில் வைத்தாள். கன்னியம்மாள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் அழுத்தினாள்.

பெட்டி எரிந்தது. டிவி விழித்தது. திரையில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. இணைப்பின் காலம் முடிந்தது, உங்கள் கேபிள்காரரை அணுகவும்.

கன்னியம்மாள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். "பாத்தியா? என் கையி பட்டுது."

"உன்னால இல்லம்மா. மாசம் முடிஞ்சிபோச்சி, அவ்ளோதான்."

"அவரு போட்டா வந்துனுதான இருந்துது."

கெடு முடிகிறது என்ற தகவல் வேடியப்பனின் போனுக்குப் போயிருந்தது. அந்தப் போன் சார்ஜ் இல்லாமல் பீரோவில் கிடந்தது. இணைப்பு அவர் பெயரில், அவர் எண்ணில். பொத்தான்களை எண்ணிய மதிவதனி இதை யோசிக்கவில்லை.

அவள் போன் போட்டதும் ஜானி பாஷா ஸ்கூட்டரில் வந்தார். தன் கைப்பேசியில் எதையோ தட்டினார். படம் வந்தது. கன்னியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் போகாமல் நின்றார்.

"அண்ணன் கடைக்கு வந்தாரும்மா. தவறிப் போறதுக்கு ரெண்டு நாளு முன்னாடி. கனெக்சன அக்கா பேருக்கு மாத்து, நம்பரும் அவ நம்பரயே போடுன்னாரு. ஏண்ணே, வெளியூருக்குக் கெளம்பிட்டியான்னு கிண்டல் பண்ணேன். பேசாம ஃபாரத்தக் குட்றான்னாரு. அங்கியே ஒக்காந்து எழுதிட்டாரு. அக்கா கையெழுத்து மட்டும் பாக்கி. வீட்டுக்கு எடுத்துனு போய் வாங்கியாண்ணேன்னு சொன்னேன். வேணாம்னாரு. அவளயே ஆட்டோல கூட்டியாறேன், உன் கடையப் பாக்கட்டும், உன் மூஞ்சியப் பாக்கட்டும், நாளைக்கு ஒண்ணுன்னா அவதான உனக்கு போன் பண்ணணும்னாரு. திங்கக்கிழம வரேன்னு சொல்லிட்டுப் போனாரு."

கன்னியம்மாள் தலையைத் தூக்கினாள். "எந்தத் திங்கக்கிழம?"

"சனிக்கெழம போயிட்டாரேக்கா. அதுக்கு அடுத்த திங்கக்கிழம."

படிவம் ஜானி பாஷாவின் மேசை டிராயரில் இருக்கிறது. பெயர், வயது, கதவு எண், அவளுடைய சின்ன போனின் எண் எல்லாவற்றையும் வேடியப்பன் எழுதி நிரப்பியிருக்கிறார். கையொப்பக் கட்டம் மட்டும் காலி. வேலூர் ரோட்டுக் கேபிள் கடைக்குக் கன்னியம்மாளை ஆட்டோவில் கூட்டிப்போகும் வேலை அப்படியே நிற்கிறது.