முறுக்கி மூடிய ஆறு பாட்டில்கள்

போன டிசம்பரில் என் மகள் தன் பதவி உயர்வைக் கொண்டாட எங்களை மைசூரில் புதிதாகத் திறந்திருந்த ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். நாற்காலிக்குப் பதில் இடுப்புயர முக்காலிகள். நான் ஏறி உட்கார இரண்டு பேர் துணை வேண்டியிருந்தது. பரிமாறுகிறவர் குனிந்து, மலைத்தோட்டங்களில் இருக்கும் நூறு வருஷத்து மரங்களில் பறித்த பழைய ரக ஆப்பிள்களைப் புளிக்கவைத்துச் செய்த சைடர் இருக்கிறது என்று தலபுராணம் சொல்வதுபோல விளக்கினார். மகள் ஒன்று கொண்டுவரச் சொன்னாள்.

"அம்மா, ஜூஸ் மாதிரிதான் இருக்கும். ஒரே ஒரு சிப் குடிச்சு நோடு," என்று கிளாஸை என் பக்கம் நகர்த்தினாள். அவள் தமிழில் பாதி கன்னடம். அது என் வளர்ப்பு, விடுங்கள்.

மூக்கருகே வந்ததுமே தெரிந்துவிட்டது. புளிப்பு, அதற்கடியில் கொஞ்சம் தேன், அதற்கும் அடியில் ஈரச்சாக்கு வாசனை. "ஐயே, எனக்கு இந்த வாடையே ஆகாதும்மா," என்று தள்ளிவிட்டேன். "உங்கம்மாவுக்கு சோடா குடிச்சாலே தலை சுத்தும்," என்று என் வீட்டுக்காரர் பெருமையாக வேறு சொன்னார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்துகிற மனுஷர். கல்யாணத்துக்கு முன்னால் நான் மூன்று டம்ளர் சைடரைக் குடித்துவிட்டு நாலாவதுக்குக் கை நீட்டியவள் என்பது அவருக்குத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு முதல் வேலை. அட்டைப்பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவேன். காலையில் மைசூர் சாமராஜபுரம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினால், அது வழியில் ஆடு மாடுகளுக்கெல்லாம் மரியாதை செய்துவிட்டுத்தான் போய்ச் சேரும். எங்கள் ஊரான ராமாபுரத்திலிருந்து என்னை அனுப்ப அப்பாவுக்கு மனசே இல்லை. சித்தப்பா சாராயத்தில் செத்தவர். அதனால் எங்கள் வீட்டில் குடியென்ற பேச்சு வந்தால் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். பஸ் ஏற்றும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஏதாச்சும் ஒரு பேச்சு ஊருக்கு வந்துச்சுன்னா அன்னைக்கே வந்து கூட்டியாந்துருவன் கண்ணு. அப்பறம் மாமன் ஊட்டு மாப்பிள்ளதான்." மாமன் வீட்டு மாப்பிள்ளைக்கு இரண்டு லாரி இருந்தது, முன்பல் இரண்டு இல்லை, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அந்த வேலையை நான் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

கிருஷ்ணமூர்த்திபுரத்தில் ஒரு மாடி அறை. கீழே வீட்டுக்கார மாமி, மேல்கோட்டைப் பூர்வீகம். என் அறைத்தோழி ஸ்டெல்லா கோத்தகிரிக்காரி, அதே தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். அவள் பெயரைக் கேட்டதும் மாமியின் முகம் சுண்டிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ நல்ல குடும்பத்துப் பொண்ணாத் தெரியறது. அவ அந்த மதமாச்சே, மாமிசம் கீமிசம் ஆத்துக்குள்ள கொண்டுவந்துட்டா?" என்றார். "நானாச்சு மாமி," என்றேன். அப்படி ஒரு வாக்கு கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, நான் ஏதோ அவளைக் கரையேற்றிவிட்டதுபோல.

ஸ்டெல்லாவின் அப்பா கோத்தகிரியில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றுக்குத் தோட்டக்காரர். பங்களாவுக்குப் பின்சரிவில் பதினொரு ஆப்பிள் மரங்கள். மெழுகு பூசிய கடை ஆப்பிளை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடை ஆப்பிளும் அப்போது எங்களுக்கு ஆஸ்பத்திரிப் பழம்தான், யாராவது படுத்தால்தான் வீட்டுக்கு வரும். ஸ்டெல்லா வீட்டு ஆப்பிள் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் துரு. கடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் உண்டு. ஒன்று ஐரிஷ் பீச், ஒன்று ரோம் பியூட்டி, இன்னொன்று விண்டர் பனானா.

"ஆப்பிளுக்குப் போயி எவனாச்சும் வாழப்பழம்னு பேர் வப்பானா?" என்று கேட்டேன்.

"வெள்ளக்காரன் வச்சான், எங்கப்பா கூப்பிடறாரு, மரமும் காய்க்குது. உனக்கென்ன வந்துச்சு?" என்றாள் ஸ்டெல்லா. அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான், சிரிக்காமல் சிரிக்க வைப்பாள்.

தின்ன முடியாத பழம்தான் சைடருக்கு நல்லது என்பது அவர்கள் வீட்டுச் சித்தாந்தம். அவள் அப்பா துரைமார்களிடம் பார்த்துக் கற்றதை வீட்டில் பண்டிகைக்குப் போடுவார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவள் துணிக்குள் சுற்றி ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். கீழே மார்கழி பஜனை நடந்துகொண்டிருந்தது, மேலே நான் டம்ளர் டம்ளராக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். நாக்கில் சுருக்கென்று குத்தி, தொண்டையில் இனித்து, காது மடல் சூடானது. சித்தப்பா ஞாபகம் வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை. நாலாவது டம்ளருக்குக் கை நீட்டியபோது ஸ்டெல்லா பாட்டிலை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

இதை அழுத்திச் சொல்லவேண்டும்: அடுத்த பழக்காலத்தில் இங்கேயே போடலாம் என்று சொன்னது நான்தான். "இது மாமி வீடு, வேணாம்," என்றாள் அவள். நாலு மாதம் நச்சரித்தேன். "நானாச்சு" என்ற சொல்லை அவளிடமும் சொன்னேன்.

ஏப்ரல் கடைசியில் அரைச்சாக்கு ஆப்பிளோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஜாம் செய்யப்போகிறோம் என்று மாமியிடம் சொல்லிப் பின்கட்டில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லைக் கேட்டு வாங்கியதும் நான்தான். தோல் சீவாமல் நறுக்கி, அரைத்து, பழைய வேட்டியில் கட்டிப் பிழிந்தோம். மாமி ஜாம் கேட்டுவிட்டார். கடையில் ஒரு பாட்டில் வாங்கி, கிண்ணத்தில் கொட்டிக் கொடுத்தேன். ருசி பார்த்துவிட்டு, "கடை ஜாமெல்லாம் இதுகிட்ட நிக்குமா?" என்றார். நாங்கள் மாடிக்கு ஓடிப்போய்த் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தோம். ஸ்டெல்லாவை நினைக்கும்போது அந்தச் சிரிப்பைத்தான் முதலில் நினைக்க ஆசைப்படுகிறேன். ஆனால் மனசு நேராக மொட்டை மாடிக்குப் போய்விடுகிறது.

சாறு பானையில் நுரைத்து அடங்கியதும் ஆறு ஸ்குவாஷ் பாட்டில்களில் ஊற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தாள். மூடிகளைச் சும்மா மேலே உட்கார்த்தினாள். "முறுக்காத. உள்ள இன்னும் காத்து வந்துக்கிட்டே இருக்கும்," என்றாள். தலையாட்டினேன்.

எங்கள் அம்மாவின் ஊறுகாய் ஜாடி பற்றித் தெரிந்தால்தான் அடுத்து நான் செய்தது விளங்கும். ஜாடி வாயைத் துணியால் இறுகக் கட்டி, மூடியை அழுத்தி, வெயிலில் வைத்து எடுத்தால் வருஷம் ஓடினாலும் கெடாது. மூடியைத் தளர விட்ட வீட்டைப் பார்த்தால், "இவளெல்லாம் என்ன குடித்தனம் பண்ணுவா?" என்று அம்மா வாய்விட்டே சொல்லுவாள். அந்த வாய்தான் எனக்கும்.

மே மாதம் ஒரு ஞாயிறு. ஸ்டெல்லா காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டாள். அறையைப் பெருக்கக் குனிந்தால் கட்டிலுக்கடியில் எறும்பு வரிசை. பாட்டில் கழுத்தெல்லாம் கருகருவென்று எறும்பு. எனக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. துடைத்தேன். ஆறு மூடிகளையும் முந்தானையால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். பிறகு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர்த் தொட்டி ஓரமாக வரிசையாக வெயிலில் வைத்தேன். ஸ்டெல்லா வந்து பார்த்து அசந்துபோவாள் என்று நினைத்தேன் என்றால் நம்புவீர்களா?

மாடி முழுக்க வெள்ளை வேட்டிகளில் மாமியின் சண்டிகை காய்ந்துகொண்டிருந்தது. மைசூரில் வடாமுக்கு அதுதான் பெயர். மகள் கல்யாணத்துக்கு என்று மாமி விடியற்காலையில் எழுந்து கூழ் கிளறி, நானும் உட்கார்ந்து பிழிந்து கொடுத்தது. மத்தியானமானால் மழை வருகிற நாட்கள், அதனால் காலை வெயிலை நம்பி மூன்று நாளாகக் காய்கிறது.

கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தேன். முதல் சத்தம் பட்டாசு என்று நினைத்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் அடுத்தடுத்துக் கேட்டன. மாமி எனக்கு முன்னால் மாடி ஏறிவிட்டார். நான் போனபோது வேட்டிகளெல்லாம் நனைந்து, சண்டிகை முழுக்கக் கண்ணாடித் துண்டுகள் மின்னிக்கொண்டிருந்தன. ஒரு வடாம்கூடத் தேறாது. மாமி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றார். "என்னது இது? கள்ளு வாடைன்னா அடிக்கிறது! சம்பந்தி ஆத்துக்காரா வர நேரத்துல!" அந்தக் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. பாவம், அவருக்கும் ஒரே பெண்.

அப்போதுதான் ஸ்டெல்லா பைபிள் பையோடு படியேறி வந்தாள். மாமி என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அவள் பக்கம் திரும்பினார். "உன் வேலைதானே?"

ஸ்டெல்லா வாய் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். "எனக்கு எதுவும் தெரியாது மாமி. அவளோடது."

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன். கண்ணுக்குள் அப்பா வந்தார், இரண்டு லாரியும் வந்தது. அதெல்லாம் காரணம்தான். ஆனால் அதைச் சொன்ன வேகத்தில் இன்னொன்றும் இருந்தது: நான் சொன்னால் நம்புவார்கள், அவள் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஸ்டெல்லா உடைந்த கழுத்து ஒன்றைக் கையில் எடுத்தாள். மூடி அதிலேயே இருந்தது. திருகிப் பார்த்தாள், அசையவில்லை. தலை நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "ஆமா மாமி, என்னோடதுதான்," என்றாள். மிச்சம் மூன்று பாட்டில்கள் வெயிலில் நின்றிருந்தன. தொட்டியருகே கிடந்த ஈரச்சாக்கை எடுத்து அவற்றின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு மூடியாகத் தளர்த்தினாள். உஸ்ஸென்று காற்றுப் போனது. நானும் மாமியும் படிக்கட்டுக்குள் ஒதுங்கி நின்று பார்த்தோம்.

சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் மாமி. அவள் பெட்டி கட்டுகிற நேரம் நான் மாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன், அறைக்குள் போகாமல் இருக்க அது ஒரு சாக்கு. போகும்போது ஸ்டெல்லா படியருகே நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "செருப்பப் போட்டுக்கிட்டுக் கூட்டு. கால்ல குத்திடப் போகுது," என்றாள். அவ்வளவுதான். யார் வீட்டிலோ பத்து நாள் இருந்து வேலைக்கு வந்தாள். பாசஞ்சரில் நான் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன். அப்புறம் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டாள்.

நான் அதே அறையில் இன்னும் மூன்று வருஷம் இருந்தேன். மாமி மகள் கல்யாணத்தில் என்னைப் பந்தியில் உட்காரவைத்து, "இவ எங்காத்துப் பொண்ணு மாதிரி," என்று சம்பந்திகளிடம் அறிமுகம் செய்தார். வேறு எங்கோ சொல்லிச் செய்த சண்டிகையைப் பொரித்து இலையில் போட்டார்கள். நான் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

ஓட்டலுக்குப் போய்வந்த பிறகு தூக்கமே சரியாக இல்லை. ஏப்ரலில் மகளையும் வீட்டுக்காரரையும் நச்சரித்துக் கோத்தகிரிக்குக் கிளம்பினேன். நச்சரிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? நான்தான் முறுக்கினேன், நான்தான் வெயிலில் வைத்தேன், நான்தான் பொய் சொன்னேன் என்று ஸ்டெல்லாவிடம் சொல்ல மூன்று வாக்கியம். வழியெல்லாம் மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்தேன்.

பங்களா ரிசார்ட்டாகியிருந்தது. பின்சரிவைச் சமன்படுத்திக் கார் நிறுத்தக் கல் பாவியிருந்தார்கள். அங்கே ஆப்பிள் மரங்கள் இருந்தனவா என்று காவலாளியிடம் கேட்டதற்கு, "ஆப்பிளா? ஊட்டி கடையில கிடைக்கும் மேடம்," என்றார். பழைய தோட்டக்காரர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதும், கீழே தேயிலைச் சரிவில் ஸ்டெல்லாவின் தம்பி ஜோசப்பின் வீட்டைக் காட்டினார்.

ஜோசப் தலை நரைத்து, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நான் யாரென்று சொன்னதும், "மைசூர் ரூம் அக்காவா!" என்று மனைவி, பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டார். டீ வந்தது. சுவரில் மாலை போட்ட ஸ்டெல்லாவின் படம் இருந்தது. நாலு வருஷம் ஆகிறதாம், நெஞ்சுவலி. படத்தில் அவள் சிரிக்கவில்லை.

"எங்கக்கா உங்களப் பத்தி நெறைய சொல்லும். அந்த பாட்டில் வெடிச்ச கதை தெரியும்ல? முறுக்கி மூடி வெயில்ல வச்சிடுச்சாம்! சைடர் போடற வீட்ல பொறந்துட்டு, எங்கக்கா பண்ண வேலையப் பாருங்க! எங்கப்பா சாகறவரைக்கும் அத மன்னிக்கவே இல்ல. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும், 'ஸ்டெல்லாவ மட்டும் மூடிகிட்ட விடாதீங்க'ம்பாரு. அக்காவும் எதுவும் சொல்லாது, எங்களோட சேந்து சிரிக்கும்."

அவர் மனைவி சிரித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகளும் வீட்டுக்காரரும் சிரித்தார்கள். ஜோசப், "நீங்க அப்ப பக்கத்துல இருந்தீங்கல்ல, தடுத்திருக்கக் கூடாதா அக்கா?" என்று கேட்டார்.

"நான் அன்னைக்குக் கீழ துணி துவச்சுக்கிட்டிருந்தேன்," என்று சொல்லிவிட்டு நானும் சிரித்தேன்.