அக்கா நின்று பார்த்த மூன்று பள்ளிக்கூடங்கள்

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு சம்பள ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டதைத் தவிரப் பேனா பிடித்ததில்லை. எழுத்துப் பிழைகளை அச்சகத்துத் தம்பி திருத்தித் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு வரியை மட்டும், "எடுத்துடலாம் அண்ணே, நாலு பேரு படிக்கறது, நல்லாயிருக்காது" என்றார். அந்த வரி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எந்த வரி என்று படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

அக்கா வாலிகண்டபுரத்தில் பிறந்தார். எங்கள் வீட்டுக்கு அவர்தான் மூத்தவர், அடுத்தது நான். இரண்டே பேர். அம்மாவும் அப்பாவும் கூலி வேலைக்குப் போனதால் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரியும் வேலை அக்காவுக்கு வந்தது. அதனால் அவர் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. எனக்குப் பள்ளி வயது வந்ததும் என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு, அவர் சின்ன வெங்காயம் அரியும் வேலைக்குப் போனார். அக்காவின் விரல்களில் எப்போதும் வெங்காய வாசனை இருக்கும்.

இருபது வயதில் கல்யாணம் ஆனது. ஏழு வருஷம் கழித்துத் துணி மூட்டையோடு திரும்பி வந்தார். குழந்தை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வார்த்தையை ஊரில் பலர் பல விதமாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் சொன்னதில்லை. அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடும்வரை அதைச் சொன்னதில்லை.

நான் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலைக்கு வந்து, அங்கேயே குடும்பம் வைத்தேன். என் மகள் கயலுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது என் மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். காரியம் முடிந்து எல்லோரும் பஸ் ஏறியபோது அக்கா மட்டும் ஏறவில்லை. "நான் எங்க போறது, புள்ளைக்கு யாரு தலை சீவி விடுவா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

கயலுக்கு மூன்று வயது முடிந்ததும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அக்கா சொன்னார். எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை. எனக்கு மாற்றி மாற்றி ஷிப்ட். அக்காவே மூன்று பள்ளிகளைப் போய்ப் பார்த்தார். ஆபீஸ் பக்கம் போகவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் வெளியே கம்பி வேலியோரம் நின்றுகொண்டார். ஏன் அந்த நேரத்தில் என்று கேட்டேன்.

"சேக்கறப்ப எல்லாரும் சிரிச்சுத்தான் பேசுவாங்க தம்பி. புள்ளைங்க சோறு திங்கறப்ப பாக்கணும்."

முதல் பள்ளி பெரிய கட்டடம், வேன் எல்லாம் உண்டு. சாப்பிட்டு முடித்த பிள்ளைகளை வாயில் விரல் வைத்து உட்கார வைத்திருந்தார்களாம். "பொம்மைக் கடையாட்டம் இருந்துச்சு" என்றார். இரண்டாவது பள்ளியில் சோறு சிந்திய பிள்ளையை ஆயா முதுகில் ஒரு போடு போட்டாராம். மூன்றாவது, சர்ச்சை ஒட்டி ஓடு போட்ட இரண்டு அறை. கிறிஸ்தவர்கள் நடத்தும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான பள்ளி. இரண்டு மிஸ், ஒரு ஆயா. தன் பள்ளியின் பெயரை எழுத வேண்டாம் என்று மிஸ் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அங்கே ஒரு பையன் இன்னொரு பையனின் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டானாம். தயிர்ச் சோறு முழுக்க மண்ணில். மிஸ் வந்து கத்தவில்லை, அடிக்கவில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்து, "இப்ப இவன் என்ன சாப்பிடுவான்?" என்று மட்டும் கேட்டாராம். தட்டிவிட்டவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன் டப்பாவை நடுவில் நகர்த்தி வைத்தானாம்.

"தட்டிவிட்டவன் தேம்பித் தேம்பி அழுதான் தம்பி. யாரும் ஒரு அடி அடிக்கல. அழுதுகிட்டே பாதி சோத்தைக் குடுத்தான். நம்ம பாப்பா இங்கதான்."

மறுநாளே சேர்த்துவிட்டார். அதற்காக மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதை அவர் விட்டுவிடவில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு உடனே கதவைத் திறக்க மாட்டார்கள். அந்த வாரம் யார் யாரோடு சண்டை போட்டார்களோ, அவர்கள் கையைப் பிடித்து, "நான் செஞ்சது தப்பு, என்னை மன்னிச்சிடு" என்று சொல்ல வேண்டும். அடுத்தவர் "சரி, வா" என்று சொன்னதும் இரண்டு பேரும் சேர்ந்து வெளியே வர வேண்டும். பத்துப் பேர் முன்னால் திட்டியிருந்தால் பத்துப் பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும், காதோடு சொன்னால் செல்லாது. கயல் இதை வீட்டில் பூனையிடம்கூடச் செய்து பார்ப்பாள்.

ஆவணி மாதம் காதுகுத்துக்கு அழைக்க வாலிகண்டபுரத்திலிருந்து சித்தப்பாவும் இன்னும் மூன்று பேரும் வந்திருந்தார்கள். சாப்பாடு போட்டோம். கயலும் பந்தியில் உட்கார்ந்தாள். எல்லோரும் கை வைக்கும் நேரத்தில் கண்ணை மூடிக் கை கூப்பி, சோற்றுக்கு நன்றி சொல்லி, "ஆமென்" என்றாள்.

சித்தப்பா கையை எடுத்துவிட்டார். "என்னடா இது, புள்ளைய வேதத்துல சேத்துட்டியா? பேரும் மாத்தியாச்சா, மேரியா, ஸ்டெல்லாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டே, "நீங்க தின்னுட்டு ஏப்பம் விடுவீங்க சித்தப்பா. அது திங்கறதுக்கு முன்னாடியே சொல்லிக்குது, அவ்வளவுதான்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். சித்தப்பா என்னைப் பார்த்து, "போர்டு படிக்கத் தெரியாதவ கையில புள்ளையக் குடுத்தா இப்படித்தான் ஆவும்" என்றார். இதை எழுதியதற்குச் சித்தப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. வெட்கம் வந்தால் கோபமாகத்தான் வரும். நாளை முதல் பிள்ளையை அங்கே அனுப்பக் கூடாது என்று கத்தினேன். அக்கா நிதானமாக, "மூணு எடத்துல நின்னு பாத்துட்டுத்தான் சேத்தேன். புள்ளைக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் சொன்னேன்: "பெத்திருந்தா தெரியும். மலடி உனக்கு என்ன தெரியும்?"

இதுதான் அந்த வரி.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா சித்தப்பாவுக்கு ஊற்றிக்கொண்டிருந்த ரசத்தை ஊற்றி முடித்தார். "அப்பளம் கொண்டாரேன்" என்று உள்ளே போனார். அப்பளத்தோடு வர வெகு நேரம் ஆனது.

மறுநாள் வழக்கம் போல எனக்குச் சோறு கட்டிக் கொடுத்தார். வழக்கம் போலக் கயலை அந்தப் பள்ளிக்கே கூட்டிப் போனார். நானும் தடுக்கவில்லை. சண்டையில்லை, முகம் திருப்பல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் என்னைத் "தம்பி" என்று கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டி வந்தால், "பாப்பா, உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்பார். நான் எதிரிலேதான் உட்கார்ந்திருப்பேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் வாயால் கேட்கும் பழக்கம் கிடையாது. தப்புச் செய்தவர் எதையாவது வாங்கிவந்து வைப்பார், அதோடு முடிந்துவிடும். தை மாதம் வந்தது. கூடப்பிறந்தவளுக்குப் பொங்கல் சீர் கொடுக்க வேண்டியவன் நான். அக்கா என் வீட்டிலேயே இருந்ததால் அதுவரை கொடுத்ததில்லை. அந்த வருஷம் அரியலூரில் ஒரு நீலப் புடவை எடுத்தேன். மஞ்சள் கொத்து, கரும்பு, வெல்லம் எல்லாம் தட்டில் வைத்து, வாசலில் செருப்பை விட்டு, வெளியூரிலிருந்து வருகிறவன் போல உள்ளே வந்து நீட்டினேன்.

அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரே வூட்டுக்குள்ள யாராச்சும் சீர் கொண்டாருவாங்களா? நல்ல கூத்து." வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். அந்தப் புடவையை அவர் கட்டவேயில்லை. பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

கயல் என்னிடம், "புடவை குடுத்தா செல்லாதுப்பா. வாயத் தொறந்து சொல்லணும்" என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல் என்று நான் அவளை அழைக்கப் போனபோது, எல்லாப் பெற்றோரும் நிற்க, உள்ளேயிருந்து மிஸ்ஸிடம் கத்திச் சொன்னாள்: "மிஸ், எங்கப்பா அத்தைகிட்ட இன்னும் கேக்கல மிஸ்!"

எனக்குத் தலை நிமிரவில்லை. மிஸ் என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "பெரியவங்களுக்கு இங்க கதவு சாத்தறதில்லைங்க. நீங்களாத்தான் சாத்தி, நீங்களாத்தான் தொறக்கணும்" என்றார். சரிங்க மிஸ் என்றேன். வீட்டுக்கு வந்தேன். சொல்லவில்லை.

அக்காவுக்கு அடி வயிற்றில் வலி இருந்திருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தபோது கட்டி பெரிதாகியிருந்தது. அரியலூர் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். டாக்டர்களும் நர்சுகளும் நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். நேரம் கடந்துவிட்டது. பதினொரு நாள் கட்டிலருகில் இருந்தேன். பதினொரு நாளும் அதைக் கேட்காமலே போனது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மதியம் கஞ்சி இரண்டு கரண்டி குடித்தார். நான், "அக்கா, அன்னைக்குச் சித்தப்பா வந்திருந்தப்ப..." என்று ஆரம்பித்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ரெண்டரை ஆவப்போவுது. புள்ளைய யாரு கூட்டியார்றது?"

தினமும் கூட்டி வரும் பக்கத்து வீட்டு அம்மா அன்று ஊரில் இல்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

"கெளம்பு தம்பி. வெள்ளிக்கெழம, பாப்பா கதவுகிட்ட நிக்கும்."

அப்பாடா என்று எழுந்தேன். சொல்லாமல் தப்பித்தோம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது, அதை மறைக்க விரும்பவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான், என்னைத் தம்பி என்று கூப்பிட்டார் என்பது உறைத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்ப ஓடலாமா என்று பார்த்தேன். பிள்ளை நிற்குமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கயல், "இன்னைக்காவது கேட்டுடுப்பா" என்றாள். "சரி" என்றேன். நிஜமாகவே கேட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். சொல்ல வேண்டியதை வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வார்டு வாசலுக்கு வந்தபோது, பக்கத்துக் கட்டில் நோயாளியின் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

வாலிகண்டபுரத்துக்குக் கொண்டு போனோம். அக்காவைத் திருப்பி அனுப்பிய மாமாவுக்குச் சொல்லியனுப்பினோம், வரவில்லை. பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும், புதுப் புடவைக்கு ஆள் அனுப்புங்கள் என்றார்கள். கயல் யாரிடமும் கேட்காமல், ரெட்டிபாளையத்திலிருந்து வந்த பெட்டியைத் திறந்து அந்த நீலப் புடவையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கடைச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. அதைத்தான் போர்த்தினேன். கட்டாமல் ஏன் வைத்திருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தாரா, இல்லை இதற்குத்தான் என்று எடுத்து வைத்தாரா? கேட்க ஆள் இல்லை.

கருமாதிக்கு எழுதச் சொன்னார்கள். முடியவில்லை. படம் மட்டும் போட்டோம். இது முதல் வருஷம். கயல் இப்போது அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. இப்போதும் சாப்பிடுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாள். சித்தப்பா வந்தால், அவள் முடிக்கும்வரை இலையில் கை வைப்பதில்லை.

அக்கா படுத்திருந்தபோது எனக்காக ஷிப்ட் மாற்றிக்கொண்ட கம்பெனி நண்பர்களுக்கும், அந்த நாட்களில் என் பிள்ளைக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், கடைசி நேரத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில் நோயாளியின் பெயர் தெரியாத தாய்க்கும், தூரத்து ஊர் என்று பாராமல் வந்து ஓரமாக நின்று கண் மூடி வேண்டிக்கொண்ட மிஸ்ஸுக்கும், ஆயாவுக்கும், பாடை தூக்கிய சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கும் நான் எந்நாளும் கடமைப்பட்டவன்.

அன்று பந்தியில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் இந்த மலரை வாங்குவார்கள். அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னால்தான் கேட்க வேண்டும். அதனால்தான் எழுதத் தெரியாதவன் எழுதினேன்.

அக்கா, நான் சொன்னது தப்பு. என்னை மன்னிச்சிடு.

எழுதி முடித்தது:
கார்த்திகை 12, வெள்ளிக்கிழமை, மாலை மூன்றரை மணி.