தோற்க ஒரு கடல்

பகவதி மேடம் இறந்துவிட்டார் என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது நான் ஒரு டெண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் வாழ்நாளெல்லாம் எதிர்த்த நிபந்தனை அதில் மறுபடியும் தலைகாட்டியிருந்தது: 'இதே பொருளைப் படைகளுக்கு ஏற்கெனவே வழங்கிய அனுபவம் வேண்டும்.' முதலில் வந்தது கோபம். அழுகை பிறகுதான் வந்தது.

இதைப் படிக்கும் பட்டறைக்காரர்களான உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் கொள்முதல் அதிகாரி. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டவர். நான் அதே ஊரில், ஆரியசாலையில் இரும்புக் கடை வைத்திருந்தவன். கடலுக்கடியில் கிடக்கும் கருவிகளின் கேபிள்களைத் தண்ணீர் புகாமல் இணைக்கும் கனெக்டர் செய்யப்போகிறேன் என்று கடையை விற்றுப் பட்டறை போட்டேன். அதுவரை அந்தக் கனெக்டர் வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அனுபவம் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். முதல் ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறையை மூடவேண்டியதுதான்.

டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் நான் முறையிட்டபோது மூத்த அதிகாரி ஒருவர், "ரூல் ரூல் அல்லே, மேடம்?" என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார். மேடத்துக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். "மொதப் பிரசவத்துக்கு முன்அனுபவ சர்டிபிகேட் கேட்டா நாட்டுல ஒரு பிள்ளையாவது பொறக்குமா சாரே? ரூலை எழுதினது நாமதானே? மாத்துவோம்" என்றார். பல மாதங்கள் கோப்புகளோடு மல்லுக்கட்டி, அனுபவத்துக்குப் பதில் கடலில் சோதனை என்று மாற்ற வைத்தார்.

விழிஞ்ஞம் கடலில் எங்கள் கனெக்டரையும் வெளிநாட்டுக் கனெக்டரையும் ஒரே கயிற்றில் கட்டி இறக்கினார்கள். மேலே எடுத்தபோது எங்களுடையதில் தண்ணீர் புகுந்திருந்தது. உள்நாட்டுப் பொருள்தானே, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சினேன். "அண்ணாச்சி, தேசபக்தியை வச்சுத் தண்ணியை அடைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே நிராகரித்தார். அன்றைக்கு எனக்கு அவரை அடியோடு பிடிக்கவில்லை.

எங்களை இத்தோடு ஒதுக்கிவிடலாம் என்று மேலதிகாரிகள் சொன்னபோது அவர்களோடும் மோதினார். "அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் மட்டும் என்ன? அவன் ஊர்க் கடல்ல தோத்துத் தோத்துத்தான் படிச்சிருப்பான். நம்ம ஆளுக்குத் தோக்க ஒரு கடல் வேண்டாமா?" தோற்றவர் திருத்திக்கொண்டு திரும்பி வரலாம் என்ற பத்தி அப்படித்தான் விதியில் ஏறியது. ரப்பர் வளையத்தை மாற்றினோம், வார்ப்பு அச்சை மாற்றினோம், ஒருவழியாகச் சோதனையில் தேறி முதல் ஆர்டரையும் வாங்கினோம். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. அது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இப்போது திரும்பி வந்திருக்கும் நிபந்தனை எனக்குச் சாதகமானது. என்னிடம் அனுபவம் இருக்கிறது. பக்கத்தில் கழக்கூட்டம் என்ற ஊரில் இதே கனெக்டரைச் செய்யத் தொடங்கியிருக்கும் இரண்டு பெண்களிடம் அது இல்லை. "நமக்கு நல்லதுதானே அண்ணாச்சி, பேசாம இருந்தா மதி, அவ்வளவு போதும்" என்கிறார் என் கூட்டாளி.

பேசாமல் இருக்க மாட்டேன். மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பிரசவக் கேள்வி. வருகிற கூட்டத்தில் எழுந்து அதைச் சத்தமாகவே கேட்கப்போகிறேன். அந்தப் பெண்களின் கனெக்டர் என்னுடையதோடு ஒரே கயிற்றில் கடலில் இறங்கட்டும். என்னுடையதில் தண்ணீர் புகுந்தால், மேடம், அன்று நீங்கள் செய்ததுபோல் என்னையும் அங்கேயே நிராகரிக்கட்டும்.