கவியின் கணக்கு வகுப்பு

திருவண்ணாமலை வேங்கிக்காலில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் என் மகள் கவி மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மழை வரும்போல இருந்ததால் குடை கொடுக்கப் போனேன். மரத்தடியில் கணக்கு வகுப்பு. குவித்து வைத்த புளியங்கொட்டைகளை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது எப்படி என்று பிள்ளைகள் கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கவியின் சத்தம்தான் ஜாஸ்தி. "டீச்சர், மிச்சம் வருது! உடைச்சுக் குடுத்துடலாமா?" என்றாள். டீச்சர் சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விளையாடவா டீச்சர் புள்ளைங்கள அனுப்புறோம்?"

"விளையாட்டு இல்லீங்க. அதுங்களே யோசிக்குதுங்க."

நான் காதில் வாங்கவில்லை. அடுத்த ஜூனிலேயே அவளைத் தனியார் பள்ளிக்கு மாற்றினேன். நோட்டு முழுக்கக் கணக்கு, எல்லாம் சரி. பெருமையாக இருந்தது.

போன வாரம் ஜன்னலுக்குத் திரை தைக்க நினைத்து, "எவ்ளோ துணி வேணும்னு அளந்து சொல்லு" என்று டேப்பைக் கொடுத்தேன். கவி அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எப்படிம்மா? மிஸ் இத போர்டுல போடலையே."

அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து டேப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "பழைய ஸ்கூலுக்கே போறியா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. அங்க நாமளே கண்டுபுடிக்கணும். இங்க பாத்து எழுதினா போதும்."

அவளைக் குறை சொல்ல முடியாது; பள்ளியை மாற்றியது நான்தான். நாளைக்கு அந்தப் புளியங்கொட்டை டீச்சரைப் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.