இளைப்பாறாத கோவேறு கழுதை

ஸ்கேவோஸ், கடலடியில் முங்கிக் கடற்பஞ்சு எடுக்கும் படகில் சமையல்காரன். கலிம்னோஸ் தீவில் அவன் சமையலை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. பேசியதெல்லாம் அவன் கதைகளைத்தான். எவனையும் நேராகக் குறை சொல்ல மாட்டான். படகில் ஒருத்தன் ரொட்டியைத் திருடினால், அன்றைய சாப்பாட்டோடு ஓர் எலிக்கதையும் வரும். திருடினவன் தலை தானாகக் குனியும்.

அந்த வருஷமும் ஈஸ்டர் முடிந்து லிபியக் கரைப்பக்கம் போனார்கள். பஞ்சு சரியாகக் கிடைக்கவில்லை. கேப்டன் தெமெலிஸ் தன் அக்காள் மகன் நோமிகோஸைத்தான் ஆழத்தில் இறக்கினார். முங்கினவனை நடுநடுவே நிறுத்தித்தான் மேலே தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் விழுந்துவிடும். அது படகில் எல்லோருக்கும் தெரியும். அவரோ அவசரத்தில் ஒரே மூச்சாக இழுத்தார். ஒரு நாள் நோமிகோஸ் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததை ஸ்கேவோஸ் பார்த்துவிட்டான்.

"ஒண்ணுமில்லண்ணே, மரத்துப் போச்சு. மாமாகிட்ட சொல்லிராத."

சொல்லவும் வழியில்லை. கால் விழுவதைப் பற்றிக் கடல்மேல் வாய் திறக்கக் கூடாது. பேசினால் அது தேடி வரும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். போன வருஷம் பேசின ஒருத்தனைக் கேப்டன் பாதியிலேயே கரையில் இறக்கிவிட்டார். அதனால் ஸ்கேவோஸ் சாப்பாட்டு நேரத்தில் கதையாகவே சொன்னான்.

மலைமேல் மடத்துக்கு எண்ணெய் ஏற்றிப் போகிறவன் ஒருவன். வழியில் இளைப்பாறும் கற்கள் உண்டு. திரும்பிச் சந்தைக்குப் போக நேரமாகிறதென்று ஓரிடத்திலும் நிற்க விடாமல் கோவேறு கழுதையை விரட்டினான். உச்சிக்கு வந்ததும் அது உட்கார்ந்தது. உட்கார்ந்ததுதான். அன்றிலிருந்து அவன் புல்லுக்கட்டைத் தன் முதுகில் சுமந்து அதற்காக மலையேறுகிறான். ஸ்கேவோஸ் கழுதை மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக் காட்டினான்.

கேப்டன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்த படகைக் காட்டினார். அது மிக்கேஸ் என்ற இன்னொரு கேப்டனுடையது.

"அந்தப் பய அச்சு அசலா இப்படித்தான்டா. அவன்கிட்டப் போய்ச் சொல்லு."

அவரில்லை, நீங்கதான் என்ற பேச்சு ஸ்கேவோஸின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மொத்தப் படகும் சிரித்துக்கொண்டிருந்தது. நோமிகோஸும்தான். இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னான். ஸ்கேவோஸும் செய்து காட்டினான். அதுதான் அவனுக்கு இன்றுவரை ஆறவில்லை.

மறுநாள் நோமிகோஸ் கடலடியில் இருக்கும்போது காற்று கிளம்பியது. கேப்டன் எங்கும் நிறுத்தாமல் இழுத்துவிட்டார். முங்கும்போது மாட்டும் தலைக்கவசத்தைக் கழற்றியதும் நோமிகோஸ் நன்றாகத்தான் பேசினான், பசிக்கிறது என்றான். தட்டை வாங்க எழப் பார்த்தான். கால் வரவில்லை.

ஊர் திரும்பியதும் கேப்டன் படகை விற்றார். இப்போது தினமும் மருமகனை முதுகில் சுமந்து வந்து துறைமுகக் காப்பிக்கடையில் உட்கார வைக்கிறார். ஒரு நாள் மூச்சு வாங்க ஸ்கேவோஸின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அது என்னப் பத்தின கதையாடா?"

"ஆமா, கேப்டன்."

"நேராவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்னையும் கரையில இறக்கிவிட்டிருப்பீங்க."

"விட்டிருப்பேன்" என்றார் கேப்டன். பிறகு மருமகன் பக்கம் திரும்பி, "ஆனா அவன நிறுத்தித் தூக்கியிருப்பேன்" என்றார்.

ஸ்கேவோஸ் காப்பியைக் கையில் எடுத்தான். அடுத்த மேசையில் யாரோ கேட்டதற்காக நோமிகோஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தான். கழுதை உச்சிக்கு வந்துவிட்டது. அவன் முகத்தைத் தொங்கப்போட்டான், கடையே சிரித்தது. ஸ்கேவோஸ் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.