எட்டு மில்லி அணை

இன்ஜினியர் அம்மா முதன்முதலாக எங்கள் அணைக்கு வந்த அன்று என்னிடம் கேட்டது ஒரு கண்ணாடி கிளாஸ். வெயிலில் வந்திருக்கிறார், குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து வீட்டுக்குப் போய், கழுவி, பானைத் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து நீட்டினேன். பாதி குடித்தார். மீதியைக் கீழே ஊற்றினார். பிறகு கரையின் அடியில் குனிந்து, அங்கே கசிந்து வரும் தண்ணீரை அதே கிளாசில் பிடித்து, சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “தெளிவா இருக்குண்ணே” என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். ஒழுகுகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் என்ன, கலங்கலாக இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

எங்களுடையது சின்ன மண் அணை. சிலமலைப் பக்கம், மலை அடிவாரத்தில், ஓடைக்குக் குறுக்கே கிடக்கிறது. மலையில் பேய்மழை பெய்து ஓடை பொங்கினால் அதை நிறுத்தி, கோபம் தணியவிட்டு, மெல்ல அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை. கீழே எங்கள் தெருக்கள். நான் அங்கே லஸ்கர். ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, கரையில் முளைக்கும் செடியை வெட்டுவது, எலி வளையைப் பார்த்தால் சொல்வது. ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கு இது போதும்.

அணைகளுக்கெல்லாம் தரம் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இன்ஜினியர் அம்மா நாலைந்து தடவை வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். ஒருநாள் போடியிலிருந்து பெயிண்டர் வந்து ரோட்டோரம் பலகை நட்டார். அதில் இரண்டே வரி. அபாய வகை: அதிகம். நிலை: சுமார்.

டீக்கடையில் என்னை விடவில்லை. “என்னண்ணே, இத்தன வருசம் பாத்தும் சுமார்தானா? எங்க வீட்டு எருமையக் கேட்டாக்கூட ஒம்ம அணைக்கு நல்ல மார்க்கு போடுமே” என்றான் ஒருவன். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்போது என் மகனுக்குப் பெண் பேசியிருந்தோம். மகன் போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறான். பெண்ணின் அப்பா மெட்டைத் தாண்டி ஒரு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. காயைப் போட்டு உலர்த்தி, சலித்து, தரம் பிரிக்கிற இடம் அது. நாள் குறிக்க அவர் வந்தார். பஸ்சை விட்டு இறங்கிய இடம் அந்தப் பலகைக்கு நேர் கீழே. அவருக்கு எழுத்துக் கூட்டி நன்றாகவே படிக்க வரும்.

சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்ட பிறகுதான் சொன்னார். “கோவிச்சுக்காதீங்கண்ணே. வீடு பிடிச்சிருக்கு. மாப்ளைய ரொம்பப் பிடிச்சிருக்கு. போர்டுதான் பிடிக்கல. அபாயம் அதிகம்னு எழுதிப் போட்ருக்க எடத்துக்குக் கீழ எம் பொண்ண எப்பிடிண்ணே குடுக்குறது? நல்ல தரம் வரட்டும். அப்பறம் நாள் பாப்போம்.”

மகன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் என் மகன். ஜீப்பை மட்டும் தினமும் இரண்டு தடவை கழுவ ஆரம்பித்தான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. ஒழுகுகிற அணைக்கு எவன் நல்ல தரம் போடுவான்? கரைக்குள் கசிகிற தண்ணீர் அடியில் ஒரு குழாய் வழியாக வந்து சின்னத் தொட்டியில் விழும். இன்ஜினியர் அம்மா ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் வைத்து அளப்பது அதைத்தான். புரட்டாசியில் பெய்த மழைக்கு அணையில் பாதித் தண்ணீர் நின்றது. அவர் வருவதற்கு மூன்று நாள் முன்னால், குளத்துக் களிமண்ணைக் குழைத்துச் சாக்கில் கட்டி, குழாய்க்குள் திணித்து, மேலே கல்லடுக்கிப் பூசினேன். ஒரு சொட்டு வரவில்லை. தொட்டியைக் கழுவி ஓரத்துக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தேன். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

இன்ஜினியர் அம்மா வந்தார். காய்ந்த தொட்டியைப் பார்த்தார். கரையில் ஏறி அணைத் தண்ணீரைப் பார்த்தார். திரும்ப இறங்கித் தொட்டியைப் பார்த்தார்.

“அங்க தண்ணி நிக்கிது. இங்க காஞ்சு கெடக்கு. எங்கண்ணே போச்சு தண்ணி?”

“நின்னு போச்சும்மா” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு கரைச் சரிவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இடுப்பு உயரத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டார். “இங்க வந்து கால வைங்க.” வைத்தேன். மண் சொதசொதவென்று இறங்கியது. முந்தின வாரம் அந்த இடத்தில்தான் நின்று புல் வெட்டினேன், கட்டாந்தரையாக இருந்தது. வெளியே வர வழி இல்லாத தண்ணீர் கரைக்குள்ளேயே ஏறி வேறு வழி தேடிக்கொண்டிருந்தது. மேற்கே மலை தெரியவில்லை, மழை இருட்டிக்கொண்டு நின்றது. களிமண்ணைச் சொல்லிவிட்டேன். மகன் கல்யாணத்தையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

“யாராச்சும் மூக்க அடச்சிட்டு ஒடம்பு நல்லாருக்குன்னு சொல்லுவாங்களாண்ணே? மொதல்ல ஷட்டரத் தூக்குங்க. மம்பட்டியக் கொண்டாங்க, வெரசா.”

ஷட்டரைத் தூக்கி அணைத் தண்ணீரை இறக்கினேன். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லைப் பெயர்த்தார். சாக்கை இருவரும் சேர்ந்து இழுத்தோம். படீரென்று வந்தது, இருவரும் உட்கார்ந்துவிட்டோம். பின்னாலேயே செம்மண் தண்ணீர். வீட்டிலிருந்த கிளாஸ்களையெல்லாம் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக் கல் மேல் வரிசையாக வைத்தோம். முதல் கிளாஸ் சாயா நிறம். அடுத்தது மோர்க் குழம்பு. மழை பிடித்து, விட்டது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. பதினோராவது கிளாசில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் முகம் தெரிந்தது.

“கசியிறது தப்பில்லண்ணே. மண்ண அரிச்சுக்கிட்டு வந்தாத்தான் தப்பு. தெளிவா வந்தா அணை மூச்சு விடுதுன்னு அர்த்தம்” என்றார். பிறகு பலகையைப் பற்றிச் சொன்னார். நிலை என்பது கரை எப்படி இருக்கிறது என்பது. அபாய வகை வேறு. ஒருவேளை உடைந்தால் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. “கீழ பொட்டக்காடா இருந்தா கொறவுன்னு போடுவோம். ஊரு இருக்கு. அதான் அதிகம்.”

“அப்ப நான் என்ன செஞ்சாலும் அது மாறாதாம்மா?”

“ஊரக் காலி பண்ணுனா மாறும்.”

நடந்ததை நோட்டில் எழுதாமல் விடுவாரா என்று பார்த்தேன். விடவில்லை. லஸ்கர் அடைத்தார், லஸ்கரே எடுத்தார் என்று எழுதி, எனக்குப் படித்தும் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மகன் ஜீப்பிலேயே மெட்டுக்குப் போனேன். ஸ்டோருக்குள் அனலும் ஏலக்காய் வாசமும் ஆளைத் தள்ளின. பெண்ணின் அப்பா சல்லடை முன்னால் நின்றார். இன்ஜினியர் அம்மா சொன்னதை எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். ரெண்டும் வேற வேற, ஒண்ணு கரைக்கு, ஒண்ணு கீழ இருக்கிற ஆளுகளுக்கு என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். சல்லடையில் தங்கிய காயைக் கை நிறைய அள்ளினார்.

“இந்தா, இது எட்டு மில்லி. பெரிய காய். ஆனா பாருங்க, நெறம் வெளுத்துப் போச்சு. சைஸ் வேற, நெறம் வேற. அது மாதிரியா?”

எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியாது. தலையை ஆட்டினேன்.

“அட, அது சைஸா! நான் நெறம்னுல்ல நெனச்சேன்! அப்ப ஒங்க அணை எட்டு மில்லி. நெறந்தான் சுமாரு.”

“நெறத்த ஏத்திரலாம்.”

“சாரமில்ல” என்றார் மலையாளத்தில். பரவாயில்லை என்று அர்த்தம். “ஏத்திட்டு வாங்க சம்மந்தி. அதுவரைக்கும் பொண்ணு எங்க போகப்போறா?”

நிறம் ஏற ஒரு வருசம் ஆனது. சொதசொதத்த இடத்தைத் தோண்டி மண் மாற்றி இறுக்கினார்கள். கரையில் வேர் விட்டிருந்த வேப்பங்கன்றுகளை மனசில்லாமல் பிடுங்கினேன். எலி வளை ஒன்று விடாமல் அடைத்தோம், அதை அடைக்கலாம். மறு வருசம் பெயிண்டர் வந்து சுமாரை அழித்துத் திருப்தி என்று எழுதினார். முதல் வரியைத் தொடவில்லை. சம்பந்தி பலகை முன்னால் நின்று இரண்டு வரியையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் தேங்காய் பழத் தட்டோடு வீட்டுக்குள் வந்தார்.

இன்ஜினியர் அம்மா மாறுதலாகி வேறு மாவட்டம் போய்விட்டார். இப்போது வருகிற தம்பி எல்லாவற்றையும் போனிலேயே ஏற்றுகிறார். நல்ல பையன்தான். செருப்பு மட்டும் கழற்ற மாட்டார்.

போன வாரம் இன்ஜினியர் அம்மாவுக்கு நானே போன் போட்டேன். நானாகப் போன் போடுகிறவன் இல்லை என்பது அவருக்குத் தெரியும். எடுத்ததுமே குரலில் பதற்றம்.

“என்னண்ணே?”

“அபாயம் கூடிருச்சும்மா.”

“ஐயோ. கலங்கலா வருதா?”

“இல்லம்மா. பேத்தி பொறந்திருக்கா. கீழ ஒரு ஆளு கூட.”